40 மீட்டர் இன்வெர்ட்டட் வி: தக்கலை மொட்டை மாடியில் கட்ட அளவு, கேபிள், சோதனை

தக்கலை_புதுசு:
வணக்கம் அண்ணாச்சிமாரே. அமெச்சூர் ரேடியோவின் 40 மீட்டர் பேண்டுக்கு (7 மெகாஹெர்ட்ஸ்) ஒரு டைபோல், அதாவது நடுவில் கேபிள் சேரும் இரண்டு கைக் கம்பி ஆன்டெனா, வீட்டிலேயே கட்டப் போகிறேன். நடுவை மாஸ்டில் (உயரக் கம்பம்) தூக்கி, நுனிகளைச் சரித்துக் கட்டும் இன்வெர்ட்டட் வி வடிவம், அதாவது தலைகீழ் வி. லைசென்ஸ் வந்துவிட்டது, ரிக் (அனுப்பவும் கேட்கவும் உள்ள ரேடியோ) 100 வாட். இட விவரம்: இரண்டு மாடி வீடு, மொட்டை மாடி தரையிலிருந்து சுமார் 7 மீட்டர். வீட்டுக்குப் பின்னால் தென்னை இரண்டு, நடுவே 22 மீட்டர் இடைவெளி. வீட்டு முன்னால் 12 மீட்டர் தள்ளி மின்வாரியக் கம்பி போகிறது. கையில் இருப்பவை: 1.5 ஸ்கொயர் எம்.எம். ஹவுஸ் வயரிங் கம்பி ஒரு சுருள், பழைய கேபிள் டிவி ஆர்ஜி-6 சுமார் 25 மீட்டர், ஒரு நானோ விஎன்ஏ (ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் சிறு கருவி).

டைபோல் நீளச் சூத்திரப்படி 142.6-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் 7.1-க்கு 20.08 மீட்டர் வருகிறது. அதாவது ஒரு கைக்கு 10.04. அப்படியே வெட்டிவிடலாமா? ஆர்ஜி-6 போதுமா? ஆன்டெனாவும் கேபிளும் சேரும் இடத்தில் பாலன் கண்டிப்பாக வேண்டுமா? கட்டி முடித்த பிறகு எஸ்.டபிள்யூ.ஆர் 1.5-க்குக் கீழே வந்தால் வேலை முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

வேளிமலை:
கடைசிக் கேள்விதான் முக்கியமானது, தம்பி. முடிந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எஸ்.டபிள்யூ.ஆர் என்பது ரிக்குக்கு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதை மட்டும் சொல்லும். போகிற சக்தி வானில் போகிறதா, கேபிளில் சூடாகிறதா என்று அதற்குத் தெரியாது. 50 ஓம் டம்மி லோடுக்கு (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் வெறும் மின்தடை) எஸ்.டபிள்யூ.ஆர் 1.0, ஆனால் அதிலிருந்து யாருக்கும் சிக்னல் போகாது. இதைப் பற்றி அளவெடுக்கும் கட்டத்தில் விரிவாகப் பேசலாம்.

முதலில் நீளம். அந்தச் சூத்திரம் உறையில்லாத கம்பிக்கு, உயரத்தில் நேராகக் கட்டியதற்கு. உங்கள் கம்பிக்கு மேலே பிவிசி உறை இருக்கிறது. அது அலையின் வேகத்தைக் குறைக்கும், அதனால் அதே நீளத்துக்கு ஒத்ததிர்வு (கம்பி இயல்பாகப் பொருந்தும் அதிர்வெண்) 2 முதல் 5 சதவீதம் கீழே இறங்கிவிடும். முனைகள் தரையை நோக்கிச் சரிவதும், மொட்டை மாடி கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியும் இன்னும் கொஞ்சம் இழுக்கும். கடைசியில் ஒரு கைக்கு 9.7-ஐ ஒட்டி நிற்கும் என்பது என் கணக்கு. ஆனாலும் முதலில் வெட்டுவது 10.60. குறைத்துக்கொள்ளலாம், ஒட்டுப்போட்டு நீட்டுவது தொல்லை. அதுவும் நம்மூர் உப்புக் காற்றில் ஒட்டு என்பது நாளைய கோளாறு.

முனையில் கம்பியை உடனே வெட்டவும் வேண்டாம். இன்சுலேட்டர் வழியாகத் திருப்பி, அதே கம்பியின் மேல் நெருக்கமாகச் சுற்றி விடுங்கள். சுற்றிய பகுதி ஏறக்குறைய இல்லாத மாதிரிதான் நடந்துகொள்ளும். அளவு உறுதியான பிறகு 15 செ.மீ. மிச்சம் வைத்து வெட்டலாம்.

ஹவுஸ் வயரிங் செம்பு மிருதுவானது, இழுத்தால் நீளும். கட்டுவதற்கு முன் ஒரு முனையைத் தூணில் கட்டி மறுமுனையை உடம்பு எடையால் நன்றாக இழுத்துக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டு, பிறகு அளந்து வெட்டுங்கள். இல்லாவிட்டால் ஆடிக்காற்று முடியும்போது கம்பி நீண்டு, ஒத்ததிர்வு கீழே நழுவியிருக்கும்.

ஆரல்காற்று:
நீளம் பேசுவதற்கு முன்னால் மின்வாரியக் கம்பியைப் பேசணும். 12 மீட்டர் என்பது தூரமாகத் தெரியும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நுனிக் கயிறு அறுந்தால் 10 மீட்டர் கம்பி மாஸ்ட் உச்சியில் தொங்கிக்கொண்டு காற்றில் பறக்கும். மாஸ்ட் வீட்டின் முன்பக்கம் இருந்து அதுவும் சாய்ந்தால் கம்பி நேராக லைனைத் தொடும். எது அறுந்தாலும், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லைனைத் தொட வாய்ப்பே இருக்கக் கூடாது. ஆகவே மாஸ்ட் பின்பக்கச் சுவரோரம். இரண்டு கைகளும் லைனுக்கு இணையாக, பின்பக்கத் தென்னைகளை நோக்கி. தென்னை மேல் கயிறு எறியும்போதும் லைன் இருக்கும் பக்கம் பார்த்து எறியாதீர்கள்.

மாஸ்டுக்கு ஜிஐ குழாய் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும், ஒன்றரை அங்குலம் எடுங்கள். காய்ந்த கமுகுத் தடியும் நன்றாக இருக்கும்: நேராக, எடை குறைவாக, மின்சாரம் கடத்தாததாக. அடிப்பகுதி மட்டும் மழைநீர் தேங்கினால் உளுத்துவிடும், அதனால் தரையில் நேராக ஊன்றாமல் கைப்பிடிச் சுவரில் இரண்டு இடத்தில் கிளாம்ப் போட்டு நிறுத்தவும். எதுவானாலும் ஸ்டே (மாஸ்டை இழுத்து நிறுத்தும் கயிறு) மூன்று திசையில், 120 பாகை இடைவெளியில். ஒரு வரிசை உச்சிக்கு அரை மீட்டர் கீழே, இன்னொன்று நடுவில். ஸ்டேயின் கால் மாஸ்டிலிருந்து அதன் உயரத்தில் முக்கால் பங்கு தள்ளி இருந்தால் நல்லது. 6 மீட்டருக்கு நாலரை மீட்டர். மாடியில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் மாஸ்டைக் குட்டையாக்குங்கள், ஸ்டேயைச் செங்குத்தாக்காதீர்கள்.

ஸ்டேக்கு இரும்புக் கம்பி வேண்டாம், கயிறு போதும். இரும்பு போட்டால் அதுவும் அலையை வாங்கும், முட்டை இன்சுலேட்டர் போட்டுத் துண்டுதுண்டாக்க வேண்டியிருக்கும். குளச்சலில் மீன்பிடிக் கயிறு விற்கும் கடையில் 6 மி.மீ. கயிறு கேளுங்கள். வெயிலுக்கும் உப்புக்கும் தாங்குவதற்கென்றே செய்த சரக்கு அது. பொருள் கட்ட விற்கும் மலிவு பிளாஸ்டிக் கயிறு வெயிலில் நார்நாராக உதிர்ந்துவிடும்.

தென்னை ஆடும். நுனிக் கயிற்றை மரத்தில் இறுக்கிக் கட்டினால் மரம் ஆடும்போது கம்பி அறும், இல்லாவிட்டால் மாஸ்ட் வளையும். மரத்தில் ஒரு கப்பி கட்டி, அதன் வழியாகக் கயிற்றைக் கீழே விட்டு, நுனியில் 4, 5 கிலோ எடை தொங்க விடுங்கள். மணல் நிரப்பிய 3 லிட்டர் கேன் சரியாக இருக்கும். மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், கம்பியின் இழுவிசை மாறாது. கேனுக்கு அடியில் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று விடாமல் அடிக்கும், அங்கே எடை இல்லாத கட்டு ஒரு பருவம் தாங்காது. தக்கலையில் அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள்.

தக்கலை_புதுசு:
நன்றி அண்ணாச்சி, மாஸ்டைப் பின்பக்கம் மாற்றிவிட்டேன். கோணம் எவ்வளவு வைக்கலாம்?

வேளிமலை:
உச்சியில் கைகளுக்கு இடைப்பட்ட கோணம் 120 பாகை முயலுங்கள், 90-க்குக் கீழே போகாதீர்கள். 120 என்றால் 10 மீட்டர் கை உச்சியிலிருந்து 5 மீட்டர் இறங்கும், பக்கவாட்டில் 8.7 மீட்டர் போகும். உச்சி 13 மீட்டரில் இருந்தால் நுனி 8 மீட்டரில் நிற்கும். 90 என்றால் இரண்டும் 7.1 மீட்டர், நுனி 6 மீட்டருக்கு வரும். எப்படியானாலும் நுனி ஆள் கைக்கு எட்டாமல் இருக்கணும், மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர்கள் கைக்கும் சேர்த்துத்தான். அனுப்பும்போது நுனியில்தான் மின்னழுத்தம் உச்சம், 100 வாட்டில் தொட்டால் தோல் வெந்துவிடும்.

13 மீட்டர் என்பது 40 மீட்டர் பேண்டுக்குத் தாழ்வான உயரம்தான். அதில் குறையில்லை. தாழ்வான டைபோல் அலையை மேல்நோக்கி அனுப்பும், அயனி மண்டலத்தில் பட்டு நம்மைச் சுற்றியே இறங்கும். பகலில் திருவனந்தபுரம், மதுரை, பெங்களூரு வரை நன்றாக நிரப்பும். கம்பி எந்தத் திசையில் போகிறது என்பதும் இந்த உயரத்தில் பெரிதாக வேறுபடாது. லைனுக்கு இணையாக என்று முடிவு செய்ததை மாற்ற வேண்டாம்.

முட்டம்73:
கேபிள் பற்றிச் சொல்கிறேன். ஆர்ஜி-6 75 ஓம். 7 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு குறைவுதான், 100 வாட்டையும் தாங்கும். ஆனால் இரண்டு தொல்லை. ஒன்று, உறைக்குள் வெளிக் கடத்தியாக இருக்கும் பின்னல் அலுமினியம், ஈயப்பற்று ஒட்டாது. எஃப் கனெக்டரை அழுத்திப் போட்டுத்தான் சேர்க்க முடியும். இன்னொன்று, 75 ஓம் கேபிளின் நீளத்தைப் பொறுத்து ரிக் பக்கம் தெரியும் ஓம் மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு வழி உண்டு: மின்நீளம் சரியாக அரை அலை இருந்தால் ஆன்டெனாவில் என்ன ஓமோ அதுவே கீழேயும் தெரியும். 7.1-ல் அரை அலை 21.1 மீட்டர், ஆர்ஜி-6-இன் வேகக் காரணி (கேபிளுக்குள் அலையின் வேகம் ஒளி வேகத்தில் எத்தனை பங்கு என்பது) 0.82 முதல் 0.85. அதாவது 17.3-க்கும் 18-க்கும் நடுவே. கணக்கை நம்பி வெட்டாதே மக்கா. 18.5 மீட்டர் வெட்டி, தூர முனையை ஷார்ட் செய்து, விஎன்ஏவில் பார். எந்த அதிர்வெண்ணில் ஏறக்குறைய சுழி ஓம் காட்டுகிறதோ அதுதான் அரை அலை. 7.1-க்கு வரும்வரை 10, 10 செ.மீ.யாக வெட்டு.

ஆனால் அந்தப் பழைய கேபிள் எத்தனை மழை பார்த்தது? வெளியே கிடந்த கேபிள் என்றால் முனையிலிருந்து ஒரு சாண் உரித்துப் பார். பின்னல் சாம்பல் நிறத்தில் பொடியாக உதிர்ந்தால் தூக்கிப் போடு. செம்புப் பின்னல் உள்ள கேபிளிலும் கறுப்போ பச்சையோ தெரிந்தால் அதே கதிதான். புது ஆர்ஜி-58 வாங்கினால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். 20 மீட்டருக்கு 7 மெகாஹெர்ட்ஸில் இழப்பு சுமார் 0.8 டெசிபல், 100 வாட்டில் 83 மேலே போகும். அதே கேபிளை 2 மீட்டர் பேண்டுக்குப் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் கேபிளிலேயே போய்விடும், அங்கே ஆர்ஜி-213 வேண்டும்.

கடலோரத்தில் கேபிளைக் கொல்வது முனைதான். தண்ணீர் உறைக்குள் போனால் பின்னல் திரி மாதிரி உறிஞ்சி மீட்டர் கணக்கில் இழுத்துக்கொண்டு போகும். ஃபீட் பாயின்டில் (கேபிள் ஆன்டெனாவோடு சேரும் இடம்) செய்ய வேண்டியது: பிவிசி ஜங்ஷன் பாக்ஸ், அடியில் எஸ்ஓ-239 கேபிள் சாக்கெட், பக்கத்துக்கு ஒரு 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் போல்ட். இரும்பு போல்ட்டோ குரோம் பூசிய போல்ட்டோ முட்டத்திலும் கடியப்பட்டணத்திலும் ஒரு மழைக்காலம்தான் தாங்கும். கம்பியின் இழுவிசை போல்ட்டில் விழக் கூடாது. பாக்ஸ் ஓரத்தில் துளையிட்டு, கம்பியைச் சுற்றி முடிச்சுப் போட்டு, அதற்குப் பிறகு தொங்கலாக ஒரு வால் மட்டும் போல்ட்டுக்குப் போகட்டும். பாக்ஸின் அடியில் 3 மி.மீ. துளை ஒன்று விடு. எவ்வளவு அடைத்தாலும் உள்ளே ஈரம் சேரும், வெளியேற வழி வேண்டும்.

கனெக்டர் மேல் முதலில் தன்னைத்தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழிருந்து மேலாகச் சுற்று. அப்போதுதான் ஓட்டு வீட்டு ஓடு மாதிரி மேல் சுற்று கீழ் சுற்றை மூடும். அதன் மேல் சாதாரண கறுப்பு டேப், வெயிலுக்காக. சிலிகான் வைப்பதானால் புளித்த வினிகர் வாடை வருகிற வகையை வைக்காதே. அந்த அமிலம் செம்பை அரிக்கும். வாடையில்லாத நியூட்ரல் வகை கண்ணாடிக் கதவுக் கடைகளில் கிடைக்கும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் வளைவு விடு, தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

தக்கலை_புதுசு:
புது ஆர்ஜி-58 20 மீட்டர் வாங்கிவிடுகிறேன். பாலன் விஷயம்? பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்ஸில் மஞ்சள் வெள்ளை வளையம் ஒன்று இருக்கிறது, அதில் சுற்றலாமா?

ஈயப்பற்று:
அந்த மஞ்சள் வெள்ளை வளையம் இரும்புத்தூள் வகை, இதற்கு உதவாது. அதில் 12 சுற்று போட்டாலும் கிடைக்கும் தடை மிகக் குறைவு. உங்களுக்கு வேண்டியது 1:1 கரன்ட் பாலன், அதாவது கேபிளின் வெளித்தோலில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுக்கும் சோக். எஃப்டி240-43 ஃபெரைட் வளையம், வெளி விட்டம் 61 மி.மீ. அதில் ஆர்ஜி-58 கேபிளையே 12 சுற்று. சுமார் ஒரு மீட்டர் கேபிள் போதும். முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் ஒன்றையொன்று ஒட்டாமல் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஜிப் டை போட்டு நிறுத்துங்கள்.

வளையம் கிடைக்காவிட்டால் 4 அங்குல பிவிசி குழாயின் மேல் ஆர்ஜி-58-ஐ ஒரே அடுக்காக 18 சுற்று. ஒரு சுற்றுக்கு 36 செ.மீ., மொத்தம் ஆறரை மீட்டர் போகும், கேபிள் வாங்கும்போதே சேர்த்து வாங்குங்கள். குழாய் இல்லாமல் கேபிளைக் கொத்தாகச் சுற்றித் தொங்கவிடுவது வேறு, இது வேறு. கொத்தில் முதல் சுற்றும் கடைசிச் சுற்றும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துவிடும், சோக் எந்த அதிர்வெண்ணில் வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சுற்றியதை நம்பாமல் அளக்கலாம். விஎன்ஏ முதல் போர்ட்டின் நடு ஊசியைச் சோக்கின் ஒரு முனைப் பின்னலிலும், இரண்டாம் போர்ட்டின் நடு ஊசியை மறுமுனைப் பின்னலிலும் கொடுங்கள். இரண்டு போர்ட்டின் தரையும் தமக்குள் இணைந்திருக்கட்டும். எஸ்21, அதாவது முதல் போர்ட்டிலிருந்து இரண்டாம் போர்ட்டுக்கு எவ்வளவு கடக்கிறது என்ற அளவு, மைனஸ் 21 டெசிபல் காட்டினால் தடை ஏறக்குறைய 1000 ஓம். மைனஸ் 30 என்றால் 3000 ஓம். 7 மெகாஹெர்ட்ஸில் ஆயிரத்துக்குக் கீழே இருப்பதை மேலே ஏற்ற வேண்டாம்.

குமரிமுனை:
பாலனே இல்லாமல் டைபோல் கட்டி நன்றாகப் பேசுகிறவர்கள் பலர் உண்டு. ஆளுக்கு ஆள் செலவை ஏற்றுகிறோமோ என்று தோன்றுகிறது. கம்பியைக் கேபிளில் நேராகப் பற்ற வைத்தாலும் அலை போகத்தானே செய்யும்?

ஈயப்பற்று:
போகும், மறுக்கவில்லை. போகிறதா இல்லையா என்பதல்ல பிரச்சினை. சோக் இல்லாவிட்டால் கேபிளின் வெளிப்புறம் மூன்றாவது கையாகிவிடும். நீங்கள் அளக்கும் ஆன்டெனாவில் கேபிளும் சேர்ந்துவிடும். கேபிளை இரண்டு மீட்டர் கூட்டினால் எஸ்.டபிள்யூ.ஆர் மாறும், கையால் பிடித்தால் மாறும். அப்படி மாறினால் சோக் போதவில்லை என்று அர்த்தம், அதுவே எளிய பரிசோதனை. இரண்டாவது, கேட்கும்போது வீட்டு எல்.இ.டி. பல்பு, இன்வெர்ட்டர் சார்ஜர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றின் இரைச்சலும் கேபிளின் தோல் வழியாக மேலே ஏறி ரிக்குக்குள் வரும். தனி வீட்டில், தோட்டத்து நடுவில் சோக் இல்லாமல் ஒப்பேற்றலாம். வீடுகள் நெருக்கமான தக்கலையில் வேண்டும்.

வேளிமலை:
இனி அளவெடுப்பது. வரிசையாகச் செய்யுங்கள்.

விஎன்ஏவை ஆன்டெனாவில் சொருகுவதற்கு முன் கேபிளின் நடுக் கம்பியையும் பின்னலையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு விடுங்கள். நீண்ட கம்பியில் காற்றாலும் மேகத்தாலும் மின்னேற்றம் சேரும், அது விஎன்ஏவின் உள்ளே இறங்கினால் கருவி போய்விடும். ரிக்கைக் கழற்றியிருக்கணும், விஎன்ஏ மாட்டியபடி யாரும் டிரான்ஸ்மிட் அழுத்தக் கூடாது.

விஎன்ஏ அலசும் அதிர்வெண் வீச்சு 6.0 முதல் 8.0 மெகாஹெர்ட்ஸ். 101 புள்ளிகள் என்றால் புள்ளிக்கு 20 கிலோஹெர்ட்ஸ், முதல் பார்வைக்குப் போதும். விஎன்ஏவோடு வரும் ஓபன், ஷார்ட், லோடு முனைகள் மூன்றையும் கேபிளின் ஆன்டெனா முனையில் மாட்டி அளவு திருத்துங்கள். அதாவது கேபிள் விஎன்ஏவோடு இருக்கட்டும், திருத்தம் தூர முனையில். அப்போது திரையில் தெரிவது கேபிள் நீங்கலாக ஃபீட் பாயின்டின் உண்மை ஓம். வீச்சை மாற்றினால் திருத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும்.

பார்க்க வேண்டியது எஸ்.டபிள்யூ.ஆரின் பள்ளத்தை மட்டுமல்ல. ரியாக்டன்ஸ் சுழியாகும் அதிர்வெண், அதாவது ஒத்ததிர்வு, எது, அங்கே ஓம் எத்தனை, இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். எஸ்.டபிள்யூ.ஆர் 1.5 என்பது 33 ஓமாகவும் இருக்கலாம், 75 ஓமாகவும் இருக்கலாம். முதலாவதில் கைகளை விரிக்கணும் அல்லது நுனியைத் தூக்கணும், இரண்டாவதில் கோணத்தைக் குறுக்கணும். எண் ஒன்று, மருந்து நேர்மாறு.

தக்கலை_புதுசு:
கட்டியாயிற்று. கை 10.60, உச்சி 12.5 மீட்டர், கோணம் சுமார் 100 பாகை. ரியாக்டன்ஸ் சுழி 6.52-ல், ஓம் 38, எஸ்.டபிள்யூ.ஆர் 1.3. கேபிளைக் கையால் பிடித்தால் அளவு மாறவில்லை.

வேளிமலை:
சோக் நன்றாக இருக்கிறது. நீளக் கணக்கு எளிது: இப்போதைய நீளத்தை இப்போதைய அதிர்வெண்ணால் பெருக்கி, வேண்டிய அதிர்வெண்ணால் வகுக்கணும். 10.60 பெருக்கல் 6.52 வகுத்தல் 7.10, விடை 9.73. அதாவது 87 செ.மீ. குறைக்கணும். ஒரே மூச்சில் குறைக்காமல் முதலில் பக்கத்துக்கு 60 மடக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சமமாக. கோணத்தை விரிக்க நினைத்தால் இப்போதே விரியுங்கள், நுனி உயர்ந்தால் அதிர்வெண்ணும் நகரும். கோணம் முடிவான பிறகுதான் நீளத்தை முடிவு செய்யணும். 38 ஓமை 50 ஆக்க மெனக்கெட வேண்டியதில்லை. 1.3-க்கும் 1.0-க்கும் இடையே கேட்கிறவர் காதுக்கு வேறுபாடு கிடையாது.

தக்கலை_புதுசு:
60 மடக்கியதும் 6.89. கோணம் 100-லேயே விட்டுவிட்டேன்.

வேளிமலை:
10.00 பெருக்கல் 6.89 வகுத்தல் 7.10, 9.70. இன்னும் 30. இப்போது 25 மடக்கி, வீச்சை 6.9 முதல் 7.3 என்று குறுக்கி, மறுபடி திருத்தம் செய்து பாருங்கள். இந்த இடத்தில் பக்கத்துக்கு ஒரு செ.மீ. குறைத்தால் 7 கிலோஹெர்ட்ஸ் ஏறும், அதை வைத்து மிச்சத்தை முடிக்கலாம். நம் நாட்டில் பேண்டு 7.0 முதல் 7.2 வரை. நடுவில் 7.1-ஐ நிறுத்தினால் இரண்டு ஓரத்திலும் எஸ்.டபிள்யூ.ஆர் 2-க்குள் நிற்கும், ட்யூனர் தேவைப்படாது.

முட்டம்73:
அளவு முடிந்ததும் கேபிளின் இழப்பையும் ஒருமுறை எழுதி வைத்துக்கொள், பின்னால் உதவும். கேபிளின் தூர முனையைத் திறந்து விட்டு, இந்தப் பக்கம் 7.1-ல் ரிட்டர்ன் லாஸ் (போய்த் திரும்பிய அலை எத்தனை டெசிபல் குறைந்தது என்பது) பார். அதில் பாதிதான் ஒருவழி இழப்பு. புது ஆர்ஜி-58 20 மீட்டருக்கு 1.6 காட்டும், பாதி 0.8. அடுத்த மழைக்காலம் முடிந்து 4 காட்டினால் கேபிளில் தண்ணீர்.

கேபிள் கெட்டால் எஸ்.டபிள்யூ.ஆர் ஏறும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகவும் நடக்கும். போன அலையும் திரும்புகிற அலையும் வழியிலேயே சூடாகி அழிவதால், ரிக் பக்கம் எஸ்.டபிள்யூ.ஆர் அழகாகக் குறையும். முன்பு 7.0 முதல் 7.2 வரை இறங்கி ஏறிய வளைவு திடீரென்று 6.5 முதல் 7.7 வரை தட்டையாக 1.5-லேயே கிடந்தால் சந்தோஷப்படாதே, கேபிளைக் கழற்று. காற்றடிக்கும்போது முள் துள்ளினால் போல்ட்டோ பற்றோ தளர்ந்திருக்கு. மழை பெய்து காய்ந்த பிறகும் அளவு பழைய இடத்துக்கு வராவிட்டால் பாக்ஸுக்குள் ஈரம்.

குமரிமுனை:
இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். கன்னியாகுமரியில் கடலுக்குப் பக்கம் இடம் இருந்தால் வி-யை விடச் செங்குத்து ஆன்டெனா நல்லது என்கிறார்களே?

வேளிமலை:
தூர தேசங்களுக்கு என்றால், ஆம். கடல்நீர் மிக நல்ல கடத்தி. கால் அலைச் செங்குத்துக் கம்பி, 7.1-க்கு சுமார் 10 மீட்டர், அலை விளிம்புக்குச் சில பத்து மீட்டருக்குள் நின்றால் தாழ்ந்த கோணத்தில் சிக்னல் கடல் மேல் பரவிப் போகும். குமரி முனையில் கிழக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் தண்ணீர் என்பது பெரிய வரம். ஆனால் மதுரையோடு பகலில் பேச அது உதவாது, அதற்கு வி தான்.

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்துச் செம்மண்ணில் செங்குத்து ஆன்டெனா வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நல்ல தரைக்கு மேல் கால் அலைக் கம்பியின் ஓம் 36. தரையில், ஆன்டெனா அடியிலிருந்து சுற்றிலும் விரியும் ரேடியல் கம்பி வெறும் நான்கு போட்டுவிட்டு அளந்தால் 50 ஓம், எஸ்.டபிள்யூ.ஆர் 1.0 என்று வரலாம். அந்த மிச்ச 14 ஓம் மண்ணைச் சூடாக்குகிறது, 100 வாட்டில் 28 வாட் மண்ணுக்கு. ரேடியலை 16, 32 என்று கூட்டினால் ஓம் 36-ஐ நோக்கி இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர் 1.4-க்கு ஏறும், ஆன்டெனா மேம்படும். மீட்டரின் எண் மோசமாகும்போது சிக்னல் நன்றாகிறது. எஸ்.டபிள்யூ.ஆரை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று ஆரம்பத்தில் சொன்னது இதனால்தான்.

தக்கலை_புதுசு:
9.69-ல் முடிந்தது. 7.10-ல் ரியாக்டன்ஸ் சுழி, 39 ஓம். இப்போது உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஒருவர் "59" (நன்றாகக் கேட்கிறது என்ற அறிக்கை) கொடுத்தால் போதுமா?

ஈயப்பற்று:
"59" என்பது பெரும்பாலும் மரியாதை, அளவு அல்ல. விஸ்பர் (WSPR) போடுங்கள், கணினி அனுப்பும் மெல்லிய சிக்னலைப் பிற நிலையங்கள் கேட்டு இணையத்தில் பதியும் முறை அது. 40 மீட்டருக்கு டயல் 7.0386 மெகாஹெர்ட்ஸ், யுஎஸ்பி (மேல் பக்கப்பட்டை) முறை. 5 வாட் போதும், அதை 37 டிபிஎம் என்று பதிய வேண்டும். ஒவ்வொரு அனுப்புதலும் இரட்டை நிமிடத்தில் தொடங்கி ஏறக்குறைய 2 நிமிடம் ஓடும், கணினிக் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்கணும். யார் யார் எத்தனை டெசிபலில் கேட்டார்கள் என்று வரைபடத்தில் வந்துவிடும்.

ஒப்பிட இன்னொரு ஆன்டெனா வேண்டும், சுவரோரம் கிடக்கும் கம்பியானாலும் சரி. ஒரு முறை இது, அடுத்த முறை அது என்று மாற்றி மாற்றி அனுப்பி, ஒரே நிலையம் இரண்டையும் கேட்ட அளவுகளை மட்டும் எடுத்துச் சராசரி பாருங்கள். ஒற்றை அளவு எதையும் நிரூபிக்காது, சிக்னல் தானாகவே 10 டெசிபல் ஏறி இறங்கும்.

நேரமும் முக்கியம். நாம் இருப்பது காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். 1963-ல் முதல் ராக்கெட் ஏறிய தும்பாவை ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். இந்தப் பகுதியில் சூரியன் மறைந்த பிறகு அயனி மண்டலத்தின் மேலடுக்கு கலைந்து குமிழ்குமிழாகும், சிக்னல் படபடவென்று துடிக்கும். அந்த நேரத்தில் ஆன்டெனா ஒப்பீடு செய்தால் வருவது வானத்தின் அளவு, ஆன்டெனாவின் அளவு அல்ல. காலை 9 முதல் பிற்பகல் 3 வரை உள்ள அளவுகளை வைத்து உள்ளூர்த் தூரங்களை ஒப்பிடுங்கள்.

தக்கலை_புதுசு:
சரி. கேட்கும்போது ரிக்கின் எஸ்-மீட்டர் (சிக்னல் பலம் காட்டும் அளவி) 7-லேயே நிற்கிறது, "கர்ர்" என்று ஒரே இரைச்சல். மாலையில் கூடுகிறது.

முட்டம்73:
வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ரிக்கை பேட்டரியில் ஓட்டிப் பார். குறைந்தால் இரைச்சல் உன் வீட்டுக்குள். ஒவ்வொரு எம்சிபியாகப் போட்டுக்கொண்டே வா, குற்றவாளி தெரிந்துவிடும், பெரும்பாலும் மலிவு எல்.இ.டி. பல்பின் டிரைவர். அணைத்தும் குறையவில்லை என்றால் வெளியே. கடற்கரை ஊர்களில் மின்கம்பத்துப் பீங்கானில் உப்புப் படிந்து, ஈரம் ஏறும் நேரத்தில் சிறுசிறு பொறி விடும். பலத்த மழை பெய்ததும் ஓரிரு நாள் இரைச்சல் மறைந்து மீண்டும் வந்தால் அதுதான் காரணம். கம்பத்தில் நீ கை வைக்காதே, கம்ப எண்ணைக் குறித்து மின்வாரியத்தில் எழுதிக் கொடு.

ஆரல்காற்று:
மின்னல் பற்றி யாரும் சொல்லவில்லை. சித்திரை, வைகாசிக் கோடை மழையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் இடியோடுதான் வரும். உபயோகிக்காத நேரமெல்லாம் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி, ஜன்னலுக்கு வெளியே தொங்க விடுங்கள். மேஜை மேலேயே கழற்றிப் போடுவதில் பயனில்லை. கேபிள் வீட்டுக்குள் நுழைவதற்கு முன் பின்னலைத் தரைக் கம்பியோடு இணைக்கணும், அந்தத் தரை வீட்டு எர்த்தோடும் தடித்த கம்பியால் சேர்ந்திருக்கணும். இரண்டு எர்த் தனித்தனியாக இருந்தால் மின்னல் நேரத்தில் அவற்றுக்கு இடையேயான அழுத்தம் ரிக் வழியாகத்தான் பாயும். ஜிஐ மாஸ்டுக்கும் அதே எர்த்.

இன்னொன்று. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபோது மாவட்டம் முழுக்க மரமும் மின்கம்பமும் சாய்ந்தன, பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு நாளில் மாஸ்டும் தென்னையும் சேர்ந்தே போகும். இதே 9.69 அளவில் இன்னொரு ஜோடிக் கம்பி, சோக்கோடு, 10 மீட்டர் கேபிளோடு, தங்கூஸ் நரம்பும் ஈயக்குண்டும் சேர்த்து ஒரு வாளியில் சுருட்டி வையுங்கள். 12 வோல்ட் பேட்டரி பக்கத்திலேயே இருக்கட்டும். 5 மீட்டர் கமுகுத் தடி ஒன்று நின்றாலே மதுரை வரை எட்டும். அளவு கொஞ்சம் தள்ளிப்போகும், தாழ்வாகக் கட்டினால் ஒத்ததிர்வு கீழே இறங்கும், அதனால் அந்த ஜோடியைத் தாழ்வாகக் கட்டியே ஒருமுறை அளந்து, நுனியில் பெயின்ட் குறி வைத்துவிடுங்கள்.

தக்கலை_புதுசு:
செய்துவிடுகிறேன் அண்ணாச்சி. கடைசியாக ஒன்று. இதே கம்பியில் 21 மெகாஹெர்ட்ஸும் போகும் என்கிறார்களே?

வேளிமலை:
மூன்று மடங்கு என்பதால் போகும். ஆனால் 7.1-ஐ மூன்றால் பெருக்கி 21.3 என்று நினைக்காதீர்கள். நுனி விளைவு (நுனியால் கம்பி சற்று நீளமானதுபோல் நடந்துகொள்வது) மூன்று அரை அலைக்கும் சேர்த்து ஒருமுறைதான் வரும், அதனால் ஒத்ததிர்வு 21.5-க்கு மேலே உட்காரும், பேண்டு 21.45-லேயே முடிந்துவிடும். ரிக்கில் உள்ள ட்யூனர் அதைச் சமாளிக்கும். சோக் அந்த அதிர்வெண்ணிலும் ஆயிரம் ஓமுக்கு மேல் இருக்கிறதா என்று எஸ்21 பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெரைட் வளையத்தில் சுற்றியதானால் பெரும்பாலும் இருக்கும், பிவிசி குழாயில் சுற்றியதானால் இருக்காது.